தொம்மை பெயருக்கு மட்டும்

கஸ்பார் கேட்க வந்தது ஒன்று, கேட்டுக்கொண்டு போனது வேறொன்று. இரண்டுக்கும் நடுவில் கையகலத்துக்கு ஒரு ஸ்பாஞ்சுத் துண்டு இருந்தது.

தூத்துக்குடிக்குத் தெற்கே, உப்பளங்கள் முடிந்து கடல் தொடங்குகிற இடத்தில் ஜெனோவா டீச்சரின் வீடு. முன்னறையில் கிட்டார் சொல்லித்தருவார், பின்னறையில் கிட்டார் பழுது பார்ப்பார். காலையில் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சர் வேலை. வயது இருபத்தொன்பது.

அவருடைய முதல் மாணவர் கஸ்பாருக்கு ஐம்பத்து நாலு. கடல் தொழிலை விட்டு ஐஸ் கடை போட்ட வருடம்தான் வகுப்பில் சேர்ந்தார். வலைக்கயிறு இழுத்துக் காய்த்த விரல்கள் கம்பிக்குப் பழக ஆறு மாதம் பிடித்தது. தாத்தா ஆகிற வயதில் ஒரு சின்னப் பெண்ணுக்கு முன்னால் கைகட்டி நிற்கிறானே என்று ஊர் சிரித்தது. கஸ்பார் ஒரு நாளும் வகுப்புக்குப் பிந்தியதில்லை.

அன்று வியாழக்கிழமை, உச்சிப் பொழுது. மழைக்காலம் என்பதால் பாத்திகளில் ஆள் இல்லை. ஓலை போட்டு மூடிய உப்பு மேடுகள் வரிசையாகக் கிடந்தன, யாரோ அவசரமாகப் புதைத்துவிட்டுப் போன மாதிரி. கஸ்பார் கிட்டாரைத் தோளில் தொங்கவிட்டபடி நேரே பின்னறைக்கே வந்துவிட்டார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"டீச்சர், இதுல ஒரு சத்தம் வருது. அடியோட நிப்பாட்டணும்."

"எப்போ வருது?"

"நான் நிப்பாட்டுன பொறகு."

ஜெனோவா கிட்டாரை வாங்கி ஆம்ப் என்கிற ஒலிபெருக்கிப் பெட்டியில் மாட்டினார். ஓங்கி ஒரு தட்டு. உடனே உள்ளங்கையால் கம்பிகளை அமுக்கினார். கம்பிகள் அடங்கின.

அப்புறம் அது வந்தது. கோயில் மணி ஓய்ந்த பிறகு மணியின் வயிற்றுக்குள் மிச்சமிருக்குமே, அந்த மாதிரி ஓர் ஒலி. ஆனால் அதைவிட மெல்லியது, அதைவிடப் பக்கத்தில் இருப்பது. யாரோ பல்லைக் கடித்துக்கொண்டு முனகுவது போல நாலு நொடி நின்று, சுவரில் போய் ஒட்டிக்கொண்டது.

கஸ்பாரின் முன்கையில் மயிர் எழுந்து நின்றது. ஜெனோவா கிட்டாரைக் குப்புறத் திருப்பினார்.

முதுகில் ஒரு பள்ளம். பள்ளத்துக்குள் துருவேறிய ஐந்து ஸ்பிரிங்குகள். ஒரு கைப்பிடியை அசைத்தால் கிட்டாரின் சுருதி குழைந்து இறங்கும், விட்டால் பழைய இடத்துக்கு வரும். இழுத்துக்கொண்டு வருவது இந்த ஸ்பிரிங்குகள். பள்ளத்துக்கு மேலே ஒரு மூடி உண்டு. கம்பி மாற்றும்போது இடைஞ்சல் என்று கஸ்பார் அதைக் கழற்றிப் பெட்டிக்குள் போட்டு மூன்று வருடம் ஆகிறது.

"இதுதான் உங்க சத்தம்," என்றார் ஜெனோவா. "கம்பி அதிர்ந்தா இதுவும் அதிரும். கம்பிய அமுக்கிட்டீங்க. இத யாரு அமுக்குனா? இது பாட்டுக்கு இருந்துட்டு ஓயும். இதுக்குப் போயா இப்படி வேர்த்து நிக்கீங்க?"

கஸ்பார் முக்காலியில் உட்கார்ந்தார். வேர்ப்பதற்குக் காரணம் இருந்தது. தட்டுத்தடுமாறி அதைச் சொன்னார்.

அவர் ஊரில் கல்லறைத் திருநாள் மாலையில் ஒரு வழக்கம். குடும்பத்தார் எழுதிக் கொடுத்த பெயர்களை, கோயிலில் சாமியாருக்கு உதவியாக இருக்கும் உபதேசியார் கல்லறைத் தோட்டத்தில் ஒவ்வொன்றாக வாசிப்பார். ஒரு பெயர், ஒரு தட்டு, பிறகு நாலு எண்ணும் நேரம் மௌனம். அந்த மௌனத்தில்தான் வீட்டார் மெழுகுதிரி ஏற்றுவார்கள். முன்பெல்லாம் ஆர்மோனியம். அதன் துருத்தி கிழிந்த வருடம் கஸ்பாரின் கிட்டார் வந்தது.

முதல் வருடம் அந்த முனகல் எல்லோருக்கும் கேட்டது, யாரும் வாயைத் திறக்கவில்லை. மறு வருடம் ஒரு தாய் மெழுகுதிரியைக் கீழே நழுவவிட்டு, என் பிள்ளை என்னமோ சொல்லுதான் என்றாள். அவ்வளவுதான். நீட்டி ஒலித்தால் ஆத்துமா நிம்மதியாக இருக்கிறது என்றார்கள். சட்டென்று அறுந்தால் அதற்கு ஒரு பூசை வைக்கவேண்டும் என்றார்கள். உபதேசியாருக்கும் இது பிடித்துப்போய், நாலு எண்ணுவதற்குப் பதில் எட்டு எண்ண ஆரம்பித்தார்.

பேய்க்கும் ஸ்பிரிங்குக்கும் வித்தியாசம் தெரியாத ஊர் என்று சிரித்துவிடலாம். சிரிக்கிறவர்கள் தங்கள் வீட்டுப் பெயர் ஒன்றைச் சொல்லி, பிறகு அந்த மௌனத்தில் நின்று பார்க்கட்டும்.

இந்த வருடம் முப்பத்தெட்டுப் பெயர்கள். முப்பத்தேழுக்கு அது வந்தது. தொம்மை பெயருக்கு மட்டும் வரவில்லை.

தொம்மை ஏழு வருடத்துக்கு முன் தனியாக வள்ளத்தில் தூண்டில் போடப் போனவர். அன்று மத்தியானம் காற்று திரும்பியது. மூன்றாம் நாள் வள்ளம் கரை ஒதுங்கியது. தொம்மை ஒதுங்கவில்லை.

அவர் மனைவி மெட்டில்டா ஆறு வருடம் அந்தப் பெயரைப் பட்டியலில் சேர்க்க விடவில்லை. வாசல் கதவைத் தாழ் போடாமல்தான் படுத்தாள். ஊர் அதைப் பத்தினித்தனம் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டது. தண்டனை என்று யாரும் சொல்லவில்லை. அவள் என்ன தப்புச் செய்தாள் என்றும் யாரும் கேட்கவில்லை.

இந்த வருடம் மகள் பெனிட்டாவுக்குத் தை மாதத்தில் கல்யாணம் பேசி முடித்தார்கள். அழைப்பிதழில் அப்பா பெயருக்கு முன்னால் 'காலஞ்சென்ற' என்று போடுவதா வேண்டாமா என்று மாப்பிள்ளை வீட்டில் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். மெட்டில்டா இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்துவிட்டு, தொம்மையின் பெயரைத் தானே ஒரு தாளில் எழுதி உபதேசியார் கையில் கொடுத்தாள்.

பெயர் வாசிக்கப்பட்டது. கஸ்பார் தட்டினார், அமுக்கினார். ஒன்றுமில்லை. எட்டு எண்ணி முடித்தும் ஒன்றுமில்லை. கூட்டத்தில் ஒருவர்கூட இருமவில்லை. மெட்டில்டா ஏற்றிய திரியை இரண்டு விரலால் கிள்ளி அணைத்தாள். மெழுகுதிரியை முந்தானையில் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.

மறுநாள் கல்யாணம் நின்றது. அப்பா வரட்டும் என்றாளாம் மெட்டில்டா. அன்றிலிருந்து உலையில் ஒரு ஆழாக்கு அரிசி கூடுதலாக விழுகிறது. பெனிட்டா அழுதும் பார்த்துவிட்டாள், சண்டையும் போட்டுவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை மெட்டில்டா ஐஸ் கடைக்கே வந்துவிட்டாள். சனிக்கிழமை சாயங்காலம் கல்லறையில் தொம்மைக்கென்று தனிப் பூசை கேட்டிருக்கிறாளாம். சாமியாரும் சம்மதித்துவிட்டாராம். அவள் அழவில்லை. ஐஸ் பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

"நல்லா ஓங்கித் தட்டுங்க அண்ணே. அவுக இருக்காகன்னா இருக்கட்டும். இல்லன்னா இல்லன்னு சொல்லட்டும். எனக்கு ஒண்ணு தெரியணும்."

இதையெல்லாம் கேட்டு முடித்ததும் ஜெனோவா எழுந்தார். பழைய மெத்தை ஒன்றிலிருந்து ஸ்பாஞ்சைப் பிய்த்து எடுத்தார். கத்திரிக்கோலால் பள்ளத்தின் அளவுக்கு வெட்டினார்.

"இதை ஸ்பிரிங்குக்கு அடியில சொருகி, மூடியப் போட்டா முடிஞ்சுது. இனிமே யாரு பேரச் சொன்னாலும் மூச்சு விடாது."

அவர் கை பள்ளத்துக்குப் போனபோது கஸ்பார் குறுக்கே கையை நீட்டினார்.

"இப்ப வைக்காதீங்க."

"நிப்பாட்டணும்னு வந்தீங்க."

"நிப்பாட்டணும்தான். சனிக்கிழம கழிச்சு."

"சனிக்கிழம என்ன ஆகணும்?"

கஸ்பார் தரையைப் பார்த்தார். ஸ்பாஞ்சு வைத்தால் சனிக்கிழமையும் சத்தம் வராது, அவள் சாகும்வரை கதவைத் தாழ் போடமாட்டாள் என்றார். வைக்காவிட்டாலும் அந்தப் பெயருக்கு மட்டும் மறுபடியும் வராமல் போகலாம் என்றார். அதுதான் பயமாக இருக்கிறது என்றார். ஒரே ஒரு தரம், அந்த ஒரு பெயருக்கு வந்துவிட்டால் போதும், பிறகு கிட்டாரை உடைத்துக் கடலில் போட்டுவிடக்கூடத் தயார் என்றார்.

ஜெனோவா சிரித்தார். குத்தலான சிரிப்புத்தான்.

"அப்ப சத்தத்த நிப்பாட்ட வரல. வரவைக்க வந்திருக்கீங்க."

கஸ்பாருக்கே அது அப்போதுதான் தெரிந்தது போலிருந்தது.

"எந்திரிங்க," என்றார் ஜெனோவா. "கிட்டார மாட்டுங்க. அன்னைக்கி நின்ன மாதிரியே நில்லுங்க."

மேசையிலிருந்து ஒரு நோட்டை எடுத்தார். பள்ளிக்கூடத்து வருகைப் பதிவேடு, ஏழாம் வகுப்பு 'பி' பிரிவு. உபதேசியார் வாசிக்கிற அதே இழுவையில் முதல் பெயரை வாசித்தார்.

"அனிஷா ரெமிஜியுஸ்."

கஸ்பார் தட்டினார், அமுக்கினார். அந்த முனகல் எழுந்தது, அறையைச் சுற்றியது, ஓய்ந்தது.

"பிரவின் கர்டோசா."

வந்தது.

"மரிய ஷெரின்."

வந்தது. இன்னும் நீளமாக வந்தது. வெளியே காற்று அடியோடு நின்றுபோயிருந்தது. மேகம் இறங்கி, உப்பு மேடுகளின் ஓலை கறுத்துத் தெரிந்தது. ஜெனோவா நிறுத்தாமல் வாசித்தார். பதினொன்று, பன்னிரண்டு. ஒவ்வொரு பிள்ளையின் பெயருக்கும் அது தவறாமல் எழுந்து வந்து, எண்ணிவைத்துக்கொள்வது போல நின்றுவிட்டுப் போனது.

கஸ்பார் கம்பியிலிருந்து கையை எடுத்தார்.

"போதும் டீச்சர். சின்னப் பிள்ளைக. அதுக பேர வாசிக்காதீங்க."

"ஏன்? காலையிலதான் பாத்துட்டு வந்தேன். எல்லாம் வாலாட்டிக்கிட்டுத்தான் இருக்கு."

"வேண்டாம். எனக்கு ஒரு மாதிரி இருக்கு."

"அப்ப எம்பேரு. ஜெனோவா."

கஸ்பார் தட்டமாட்டேன் என்றார். டீச்சர் விடவில்லை. தட்டினார். அது வந்தது. தன் பெயர் அடங்கும்வரை ஜெனோவா கண்ணைக் கொட்டாமல் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. பிறகு நோட்டைப் பார்க்காமலே, அதே இழுவையில் சொன்னார்.

"தொம்மை."

கஸ்பார் தட்டினார், அமுக்கினார்.

ஒன்றுமில்லை.

ஆம்ப்பின் இரைச்சல் கேட்டது. எங்கோ உப்புத் தண்ணீரில் ஏதோ ஒரு பறவை கால் வைக்கிற சத்தம் கேட்டது. வேறு ஒன்றுமில்லை. ஜெனோவாவுக்கே ஒரு கணம் முதுகு சில்லிட்டது.

"தொம்மை," என்றார் மறுபடியும்.

இல்லை.

"பாத்தீங்களா?" கஸ்பாரின் குரல் உடைந்திருந்தது. "பாத்தீங்களா டீச்சர்? நான் என்ன பண்ணட்டும்? அவன்தான் வாய் தொறக்க மாட்டங்கான்."

"அசையாதீங்க. அப்படியே நில்லுங்க."

ஜெனோவா பதிவேட்டிலிருந்து வெற்றுத்தாள் ஒன்றைக் கிழித்தார். பக்கவாட்டில் வந்து, கஸ்பாரின் வயிற்றுக்கும் கிட்டாரின் முதுகுக்கும் நடுவில் அதைச் செருகப் பார்த்தார். தாள் போகவில்லை. மடங்கியது. கஸ்பார் கிட்டாரை அப்படி இறுக்கிப் பிடித்திருந்தார், யாரோ பிடுங்கப்போவது போல.

"இப்ப விடுங்க."

கஸ்பார் பிடியைத் தளர்த்தினார். சட்டையின் வயிற்றுப் பக்கத்தில் ஐந்து கோடுகள், துருவின் நிறத்தில், பக்கம் பக்கமாக.

அவர் அந்தக் கோடுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். கல்லறைத் திருநாளுக்குப் போட்ட வெள்ளைச் சட்டையைத் துவைத்துத் துவைத்துப் பார்த்துவிட்டு, இது என்ன கறை என்று மனைவி கேட்டிருந்தாள். சைக்கிள் சங்கிலி என்று இவர் சொல்லியிருந்தார். பொய் சொல்கிறோம் என்று தெரியாமலேதான் சொன்னார்.

"அந்தப் பேருக்கு மட்டும் அணைச்சுப் பிடிக்கீங்க, வயிறு ஸ்பிரிங்க அமுக்கிருது," என்றார் ஜெனோவா. "மத்த பேருக்கெல்லாம் உங்க வயித்துக்கும் அதுக்கும் நடுவுல நாலு விரல் இடம் இருக்கு."

"நான் தெரிஞ்சு செய்யல டீச்சர்."

"தெரிஞ்சு செஞ்சீங்கன்னு நான் சொல்லலையே."

ஏன் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கஸ்பார் எதையாவது சொல்லி மழுப்பியிருப்பார். ஜெனோவா திருப்புளியைத் தேடுவது போல மேசைப் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்த முதுகைப் பார்த்துத்தான் கஸ்பார் பேசினார்.

அன்று காற்று திரும்பியபோது அவரும் தன் படகில் கடலில் இருந்தார். கூட வந்த இரண்டு பேரும் மறுபக்கம் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார்கள். இந்தப் பக்கம், அலைக்கு நடுவில், தொம்மையின் தலை தெரிந்தது. கஸ்பார் குனிந்து கையை நீட்டினார். கைக்குக் கை கிடைத்தது.

"பிடிச்சேன் டீச்சர். நல்லாத்தான் பிடிச்சேன். எம்பேரச் சொன்னான். பெரிய அல ஒண்ணு வந்துச்சு. படகோட நானும் போயிருவேன்னு…"

நிறுத்தினார்.

"நழுவல. விட்டேன்."

கரைக்கு வந்ததும் போலீஸ் கேட்டது, சாமியார் கேட்டார், மெட்டில்டா கேட்டாள். யாரையும் பார்க்கவில்லை என்று மூன்று பேரிடமும் ஒரே மாதிரி சொன்னார். முதலில் ஒரு நாள் கழித்துச் சொல்லலாம் என்றுதான் இருந்தது. ஒரு வாரம் போனது. ஒரு வருடம் போன பிறகு எந்த வாயால் போய்ச் சொல்வது? படகை விற்றார். ஐஸ் கடை போட்டார். சாயங்கால நேரத்தில் கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது என்று கிட்டார் படிக்க வந்தார்.

ஜெனோவாவின் முகம் சிவந்திருந்தது. வாத்தியாருக்குக் கோபம் ஆகாது என்பார்கள். அவருக்கு வந்தது. ஏழு வருடம் என்று எண்ணிப்பார்த்தார், அத்தனை நாளும் திறந்து கிடந்த ஒரு கதவை நினைத்துப்பார்த்தார்.

கஸ்பார் ஒரு வழி கண்டுபிடித்துவிட்டவர் போல நிமிர்ந்தார். இனி அது வராமல் போகக் காரணம் தெரிந்துவிட்டது என்றார். சனிக்கிழமை கிட்டாரை உடம்பை விட்டுத் தள்ளிப் பிடித்துக்கொள்வார். பெயர் சொன்னதும் சத்தம் வரும். மெட்டில்டா கேட்பாள். திரியை ஏற்றுவாள். பெனிட்டாவின் கல்யாணம் நடக்கும்.

"பொய் இல்லையே டீச்சர்? அவன் செத்துட்டான். அது உண்மைதானே? கிட்டார் உண்மையத்தானே சொல்லப்போகுது?"

"இப்ப ஏழாம் கிளாஸ் பிள்ளைகளுக்கும் அதத்தான் சொல்லிச்சு."

கஸ்பார் கிட்டாரைக் கழற்றி மேசைமேல் குப்புற வைத்தார். ஆனாலும் விடவில்லை. அந்தப் பெண்ணுக்குத் தேவை ஒரு பதில், அது எங்கிருந்து வந்தால் என்ன என்றார். தான் போய்ச் சொன்னால் ஊர் தன்னைக் காறித் துப்பும், ஐஸ் கடைக்கு ஒரு படகும் வராது, மெட்டில்டா தன் முகத்தில் விழிக்கமாட்டாள், இத்தனையும் நடந்தும் செத்தவன் எழுந்து வரப்போவதில்லை என்றார். கணக்காகத்தான் பேசினார்.

ஜெனோவா கேட்டுக்கொண்டே ஸ்பாஞ்சை எடுத்தார். இந்தத் தடவை கஸ்பார் கையை நீட்டவில்லை. ஐந்து ஸ்பிரிங்குகளுக்கும் அடியில் அதைப் பொறுமையாகத் தள்ளினார். ஓரங்களைத் திருப்புளியின் நுனியால் அமுக்கிவிட்டார். கஸ்பாரின் பெட்டியைத் திறந்து, மூன்று வருடமாக அடியில் கிடந்த மூடியை எடுத்துத் துடைத்து, ஆறு திருகாணிகளையும் முடுக்கினார். கடைசித் திருகாணி துருப்பிடித்து முரண்டியது. அதையும் முடுக்கினார்.

"தட்டிப் பாருங்க."

கஸ்பார் தட்டினார். அமுக்கினார்.

சத்தம் முடிந்த இடத்தில் சத்தம் முடிந்தது. அதற்கு அப்பால் எதுவும் இல்லை. அறை பெரிதாகிவிட்டது போலிருந்தது. அந்த முனகலாவது துணைக்கு இருந்தது என்று கஸ்பாருக்கு அப்போது தோன்றியது. கிட்டாரைத் தள்ளிப் பிடித்து ஒரு தரம், அணைத்துப் பிடித்து ஒரு தரம் தட்டினார். எப்படிப் பிடித்தாலும் ஒன்றுதான்.

அவர் கிட்டாரைப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். வாசல்வரை போனார். ஓலை மேடுகளுக்கு அந்தப் பக்கம் மழை இறங்கிக்கொண்டிருந்தது. திரும்பி நின்று, மிகவும் தாழ்ந்த குரலில் கேட்டார்.

"சனிக்கிழம அந்தப் பொம்பள பேரச் சொல்லிட்டுக் காத்துக்கிட்டு நிக்கும் டீச்சர். பதில் வராதா?"

ஜெனோவா திருப்புளியைத் துடைத்து டப்பாவில் போட்டார்.

"கிட்டார்லேருந்து வராது."